ஜென்டூவில் சார்புச் சிக்கல்கள்: வாசகர் கேள்வி பதில்

நிரல்களை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே தொகுத்து (கம்பைல் செய்து) நிறுவும் ஜென்டூ லினக்ஸ் பற்றி வரும் கடிதங்களில் நிறுவுவது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கான கையேடு நன்றாகவே இருக்கிறது, பொறுமையாகப் படித்துச் செய்தால் முடிந்துவிடும். சிக்கல் ஆரம்பிப்பது அப்புறம்தான். நாலைந்து மாதம் ஓட்டிய பிறகு ஒருநாள் அப்டேட் கொடுத்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியாத நிலை. இந்த முறை அப்படி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு நிரலுக்கு வேறெது தேவையோ அதுதான் அதன் சார்பு. அதையெல்லாம் கணக்கிட்டுப் பேக்கேஜ்களை, அதாவது நிரல்களையும் நூலகங்களையும், நிறுவும் கருவி போர்டேஜ். அதன் கட்டளை எமெர்ஜ்.

கேள்வி: ஒவ்வொரு அப்டேட்டின்போதும் "தொடர வேண்டுமானால் இந்த யூஸ் மாற்றங்கள் தேவை" என்று ஒரு பட்டியல் வருகிறது. நானும் அந்த மாற்றங்களைத் தானாக எழுதும் ஆட்டோஅன்மாஸ்க்-ரைட் விருப்பம் கொடுத்து, கட்டமைப்புக் கோப்பு மாற்றங்களை ஏற்கும் டிஸ்பேட்ச்-கான்ஃபில் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லி ஓட்டிவிடுகிறேன். இப்போது பேக்கேஜ்.யூஸ் கோப்பில் முந்நூறு வரிக்கு மேல் இருக்கிறது, எது எதற்கு என்றே தெரியவில்லை. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் அழிக்காதீர்கள். கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, வேர்ல்டு முழுவதையும், அதாவது நீங்கள் கேட்டு நிறுவிய எல்லாவற்றையும், அப்டேட், டீப் (சார்புகளின் சார்புகள் வரை), நியூயூஸ் (யூஸ் மாறியவையும்) ஆகிய மூன்று விருப்பங்களோடும் வெறும் பாவனையாக, அதாவது ப்ரிடெண்ட் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். எதுவும் நிறுவப்படாது, எதுவும் நீங்காது. போர்டேஜ் இன்றைய நிலவரப்படி எதெல்லாம் கேட்கிறது என்று மட்டும் சொல்லும். அந்த முந்நூறு வரிகளில் பெரும்பகுதி, எப்போதோ ஒரு பதிப்புக்குத் தேவைப்பட்டு இன்று யாரும் கேட்காத வரிகளாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே பழக்கம் தொடர்ந்தால் அடுத்த வருடம் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள், அதனால் அந்தப் பட்டியல் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யூஸ் ஃபிளாக் என்பது ஒரு பேக்கேஜைக் கம்பைல் செய்யும்போது எந்த வசதியைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று நீங்கள் சொல்லும் முடிவு. அந்த முடிவு முக்கியமாக நான்கு இடங்களிலிருந்து வருகிறது. முதலில் நீங்கள் தேர்ந்தெடுத்த புரொஃபைல் (ஜென்டூ தரும் இயல்பு அமைப்புகள்), அதற்கு மேல் மொத்த அமைப்புக்குமான மேக்.கான்ஃப் கோப்பு, அதற்கும் மேல் தனித்தனிப் பேக்கேஜுக்கான பேக்கேஜ்.யூஸ், எல்லாவற்றுக்கும் மேல் கட்டளையின் முன்னால் நீங்களே அந்த ஒரு தடவைக்கு எழுதுவது. மேலே இருப்பது கீழே இருப்பதை மாற்றிவிடும். ஒரு ஈபில்டு, அதாவது ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு, தன் சார்பைச் சொல்லும்போது "எனக்கு இந்த நூலகம் வேண்டும், அதுவும் இந்த ஃபிளாக் இயக்கப்பட்ட நிலையில் வேண்டும்" என்று சொல்ல முடியும். உங்கள் அமைப்பில் அந்த ஃபிளாக் இயங்காமல் இருந்தால்தான் அந்தப் பட்டியல் வருகிறது.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹேஷ் குறியோடு "இன்னதற்குத் தேவை" என்று சில வரிகள் இருக்கும். பலரும் கண்ணிலேயே வாங்காமல் தாண்டிப் போகும் வரிகள் அவை. அவற்றை மேலிருந்து கீழாகப் படித்தால் சங்கிலி முழுவதும் தெரியும்: இந்த நூலகத்தை அந்த நிரல் கேட்கிறது, அந்த நிரலை இன்னொன்று கேட்கிறது, கடைசியில் அது நீங்களே விரும்பி நிறுவிய ஏதோ ஒன்றில் போய் முடியும். அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும், இது நியாயமான கோரிக்கையா, இல்லை நீங்கள் என்றைக்கோ போட்டுப் பார்த்து மறந்துவிட்ட ஒரு நிரலுக்காக நாற்பது பேக்கேஜ்களை மாற்றப் போகிறோமா என்று. பல தடவை சரியான பதில் ஃபிளாக்கை இயக்குவது அல்ல, அதைக் கேட்கும் நிரலில் வேறொரு ஃபிளாக்கை அணைப்பது. இந்தத் தேர்வை ஆட்டோஅன்மாஸ்க் உங்களுக்காகச் செய்யாது. பாதையை அடைக்கும் இடத்தைத் திறந்துவிடுவது மட்டும்தான் அதன் வேலை, அந்தப் பாதையில் போகத்தான் வேண்டுமா என்று அது யோசிப்பதில்லை.

நடைமுறைக்கு ஒரு யோசனை. பேக்கேஜ்.யூஸ் ஒரே கோப்பாக இருக்க வேண்டியதில்லை, அதை ஓர் அடைவாக மாற்றி உள்ளே பல கோப்புகள் வைக்கலாம். நோக்கம் வாரியாகப் பிரியுங்கள்: ஒலி சம்பந்தமானவை ஒன்றில், விளையாட்டுகளுக்கானவை ஒன்றில், டெஸ்க்டாப்புக்கானவை இன்னொன்றில். ஒவ்வொரு வரிக்கு மேலும் ஏன் என்று அரை வரியில் தமிழிலேயே எழுதி வையுங்கள், ஹேஷ் குறி போட்டால் போர்டேஜ் அதைக் கண்டுகொள்ளாது. அப்புறம், பெயர்வரிசையில் கடைசியாக வரும்படி 'இசட்இசட்-ஆட்டோஅன்மாஸ்க்' என்று ஒரு காலிக் கோப்பு வைத்துவிடுங்கள். ஆட்டோஅன்மாஸ்க் அடைவுக்குள் கடைசிக் கோப்பில்தான் எழுதும், ஆகவே அது சேர்க்கும் எல்லாம் அந்த ஓர் இடத்தில் விழும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து, வேண்டியதைக் காரணத்தோடு உரிய கோப்புக்கு நகர்த்தி, மற்றதை நீக்கிவிட்டால் போதும்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஸ்டீம், வைன் மாதிரி 32 பிட் நூலகங்கள் தேவைப்படும் நிரல்கள் இருந்தால் ஏபிஐ எக்ஸ்86 32 என்ற ஃபிளாக்குக்காக மட்டுமே நூறு வரிக்கு மேல் சேர்ந்துவிடும். அவை குப்பை இல்லை. தனிக் கோப்பில் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாப் பேக்கேஜுக்கும் பொதுவாக அந்த ஃபிளாக்கை ஒரே வரியில் இயக்கவும் முடியும்தான், ஆனால் தேவையே இல்லாத நூலகங்களும் இரண்டு தடவை கம்பைல் ஆகும்.

கேள்வி: அமைப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று மேக்.கான்ஃபில் யூஸ் வரியின் தொடக்கத்தில் கழித்தல் நட்சத்திரம் போட்டு எல்லா ஃபிளாக்குகளையும் அணைத்துவிட்டேன். நண்பர் திட்டுகிறார். தவறா?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அந்த இரண்டு குறிகளும் புரொஃபைல் தந்ததை மட்டும் அணைப்பதில்லை, ஒவ்வொரு ஈபில்டிலும் அதைப் பராமரிப்பவர் "இது இல்லாமல் பெரும்பாலானோருக்குச் சரிப்படாது" என்று யோசித்து இயல்பாக இயக்கி வைத்திருக்கும் ஃபிளாக்குகளையும் சேர்த்து அணைத்துவிடும். அப்புறம் "இந்த இரண்டில் ஒன்றாவது இயக்கத்தில் இருக்க வேண்டும்" என்கிற நிபந்தனை உள்ள பேக்கேஜ் ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டு நிற்பீர்கள், ஒவ்வொன்றுக்கும் பேக்கேஜ்.யூஸில் ஒரு வரி எழுதுவீர்கள், சின்னதாக்க ஆரம்பித்த வேலையில் உங்கள் கட்டமைப்பு பெரிதாகிக்கொண்டே போகும். டெஸ்க்டாப் வேண்டாம் என்றால் அடிப்படைப் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள், அதிலேயே ஃபிளாக்குகள் குறைவு. புளூடூத், அச்சு இயந்திரம் போல உங்களிடம் உண்மையிலேயே இல்லாதவற்றைப் பெயர் சொல்லி அணையுங்கள்.

கேள்வி: தேவையற்றதை நீக்கும் டெப்கிளீன் கொடுத்தால் எண்பது பேக்கேஜ்களை நீக்கப் போகிறேன் என்கிறது. அதில் நான் தினமும் பயன்படுத்துகிற ஒன்றும் இருக்கிறது. இன்னொரு பக்கம், நான் கேள்வியே படாத நூலகங்கள் நீங்காமல் இருக்கின்றன. இதை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் அது எதை வைத்து முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு. வார், லிப், போர்டேஜ் என்று அடைவுகளுக்குள் போனால் வேர்ல்டு என்று ஒரு கோப்பு இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பு, வரிக்கு ஒரு பேக்கேஜ். இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் ஜென்டூவில் அதைவிட முக்கியமான கோப்பு இல்லை என்பேன். "இது எனக்கு வேண்டும்" என்று நீங்கள் சொன்னவற்றின் பட்டியல் அது. அதிலும், அமைப்புக்கு அடிப்படையான சிஸ்டம் தொகுப்பிலும் இருப்பவை, அவற்றுக்குத் தேவையானவை, அந்தத் தேவையானவற்றுக்குத் தேவையானவை, இவ்வளவும் போக மிச்சம் இருப்பதைத்தான் டெப்கிளீன் நீக்கச் சொல்கிறது.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் நிரல் நீக்கப் பட்டியலில் வருகிறது என்றால், அதை நீங்கள் நேரடியாகக் கேட்டு நிறுவவில்லை, வேறொன்றின் சார்பாக அது உள்ளே வந்திருக்கிறது, அந்த வேறொன்றுக்கு இப்போது அது தேவையில்லாமல் போய்விட்டது. நோரீப்ளேஸ் விருப்பத்தோடு எமெர்ஜ் கொடுத்தால் மறுபடி கம்பைல் செய்யாமலே வேர்ல்டு கோப்பில் பெயர் சேர்ந்துவிடும்.

உங்கள் இரண்டாவது கவலை அதற்கு நேர்மாறானது, அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஏதோ ஒரு நூலகத்தில் கோளாறு வருகிறது, அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய எமெர்ஜ் கட்டளையில் அதன் பெயரைக் கொடுக்கிறோம். அந்த நொடியில் அது வேர்ல்டு கோப்பில் ஏறிவிடும். அன்றிலிருந்து, அதைக் கேட்ட நிரல் போன பிறகும் அந்த நூலகம் போகாது. போகாததோடு நிற்பதில்லை, வருடங்கள் கழித்து அதன் பழைய பதிப்பு மற்ற பேக்கேஜ்களின் அப்டேட்டைத் தடுத்துக்கொண்டு நிற்கும், நீங்கள் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் நீங்கள் விரும்பி நிறுவும் நிரலைத் தவிர வேறு எதைத் தொட்டாலும், வேர்ல்டு கோப்பில் ஏற்றாத ஒன்ஷாட் விருப்பம் சேர்க்க வேண்டும். மறந்துபோகிறது என்றால் எமெர்ஜுக்கான இயல்பு விருப்பங்களில் ஒன்ஷாட்டை மேக்.கான்ஃபிலேயே எழுதிவிட்டு, புதிதாக ஒன்றை நிஜமாகவே வைத்துக்கொள்ள நினைக்கும்போது மட்டும் செலக்ட் என்று சேர்க்கலாம். இப்போது வேர்ல்டு கோப்பில் இருக்கும் நூலகப் பெயர்களை டீசெலக்ட் கொடுத்து எடுங்கள். எடுப்பதால் எதுவும் உடனே நீங்காது, யாருக்காவது தேவை என்றால் இருந்துகொண்டுதான் இருக்கும்.

டெப்கிளீனுக்கு முன் வேர்ல்டு அப்டேட்டை முழுதாக முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது போடும் கணக்கே பழைய கணக்காக இருக்கும். சந்தேகப்படும் பேக்கேஜின் பெயரையும் சேர்த்து டெப்கிளீனைப் பாவனையாக, வெர்போஸ் விருப்பத்தோடு ஓட்டினால் அதை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லும். ஜென்டூல்கிட் என்ற துணைக்கருவித் தொகுப்பை நிறுவியிருந்தால் அதிலுள்ள ஈக்வரி டிபென்ட்ஸும் கிட்டத்தட்ட இதையே சொல்லும். டெப்கிளீனால் பார்க்க முடியாத ஒன்று உண்டு: போர்டேஜுக்குச் சொல்லாமல் நீங்களே கையால் கம்பைல் செய்து யூஎஸ்ஆர் லோக்கலில் போட்டிருப்பவை. அவை எந்த நூலகத்தை நம்பியிருக்கின்றன என்று அதற்குத் தெரிய வழியில்லை. இன்னொன்று, பெரிய எழுத்து சி போட்டு நேரடியாக அன்மெர்ஜ் செய்யாதீர்கள். அது யாரையும் கேட்காமல் நீக்கிவிடும். பைத்தானை அப்படி நீக்கினால் போர்டேஜே பைத்தானில் எழுதப்பட்டது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி: "ஒரே ஸ்லாட்டுக்குள் ஒரு பேக்கேஜின் பல பதிப்புகள் இழுக்கப்பட்டிருக்கின்றன" என்று ஒரு பக்கத்துக்குச் செய்தி வருகிறது. படித்தாலும் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில், அது பிழையா தகவலா என்று பாருங்கள். கடைசியில் நிறுவப்போகும் பட்டியலும் ஆம், இல்லை கேள்வியும் வந்தால், "இந்தப் புதிய பதிப்பை இப்போதைக்கு ஒத்திவைத்தேன்" என்று போர்டேஜ் காரணம் சொல்கிறது, அவ்வளவுதான். ஆம் என்று சொல்லித் தொடரலாம். பட்டியலே தராமல் நின்றுவிட்டால்தான் வேலை இருக்கிறது.

ஸ்லாட் என்றால் ஒரே பேக்கேஜின் வெவ்வேறு பதிப்புகள் பக்கம் பக்கமாக வாழ அனுமதிக்கும் ஏற்பாடு. ஜிசிசி, பைத்தான், எல்எல்விஎம் எல்லாம் அப்படி வாழ்கின்றன. ஒரு ஸ்லாட்டுக்குள் ஒரு பதிப்புதான் இருக்க முடியும். இப்போது ஒரு நூலகத்தின் புதிய பதிப்பை ஒரு நிரல் கேட்கிறது, பழையதுதான் வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது, இரண்டுக்கும் ஒரே ஸ்லாட், அதனால் மோதல். அந்தச் செய்தியில் இரண்டு பதிப்புகளும் வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே அதைக் கேட்பவர்களின் பெயர் வரும். புதிய பதிப்பைக் கேட்பவர்களை விட்டுவிடுங்கள். பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும், செய்தி நீளமாக இருப்பது மற்றவர்களால். பெயர்கள் சுருக்கப்பட்டிருந்தால் வெர்போஸ்-கான்ஃபிளிக்ட்ஸ் கொடுத்தால் முழுதாக வரும்.

பிடித்துக்கொண்டிருப்பவர் கிடைத்ததும் ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நீங்களே எப்போதோ பேக்கேஜ்.மாஸ்கில் அதன் புதிய பதிப்பை மறைத்து வைத்திருக்கலாம். அது அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே நீக்கப்பட்டு, உங்கள் கணினியில் மட்டும் அனாதையாக நிற்கலாம். புதிய நூலகத்தோடு ஒத்துப்போகும் அதன் பதிப்பு இன்னும் நிலையானதாக அறிவிக்கப்படாமல் இருக்கலாம். பைத்தான் பதிப்பு மாறும் காலங்களில், பழைய பைத்தான் டார்கெட்டை (எந்தப் பைத்தான் பதிப்புக்காகக் கட்ட வேண்டும் என்பதை) நீங்கள் மேக்.கான்ஃபில் கையால் எழுதி வைத்திருந்தால் இந்த மோதல் நூற்றுக்கணக்கில் வரும். அந்த வரியை நீக்கிவிட்டுப் புரொஃபைல் சொல்வதை ஏற்றுக்கொண்டாலே பாதிக்கு மேல் போய்விடும்.

இன்னொரு காரணம், பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்வது. துணை ஸ்லாட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது: ஒரு நூலகத்தின் உள் அமைப்பு மாறினால் துணை ஸ்லாட் எண் மாறும், அதை நம்பி இருக்கும் எல்லாவற்றையும் கூடவே மறுபடி கம்பைல் செய்யப் போர்டேஜ் ஏற்பாடு செய்துவிடும். வேர்ல்டு முழுவதையும் டீப் விருப்பத்தோடு கொடுத்தால்தான் அதற்கு முழுப் படமும் தெரியும். ஒரு பேக்கேஜை மட்டும் கொடுத்தால் கையையும் காலையும் கட்டிவிட்டு நடக்கச் சொல்வது மாதிரி. அப்படியும் நகரவில்லை என்றால் பேக்டிராக் எண்ணைக் கூட்டி ஐம்பது, நூறு என்று கொடுத்துப் பாருங்கள், அத்தனை மாற்று வழிகளை முயலும், கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவும் உதவவில்லையா, தடுத்து நிற்கும் நிரலைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு அப்டேட்டை முடித்து, மறுபடி நிறுவுங்கள்.

கேள்வி: ஃப்ரீடைப் ஹார்ஃப்பஸைக் கேட்கிறது, ஹார்ஃப்பஸ் ஃப்ரீடைப்பைக் கேட்கிறது, இரண்டுமே நிறுவப்படவில்லை. வட்டச் சார்பு என்று நின்றுவிட்டது.

பதில்: இது உங்கள் தவறு இல்லை. எழுத்துருக்களை வரைவது ஒன்று, எழுத்துகளைக் கோத்துச் சரியான வடிவத்தில் அமைப்பது இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொள்ளும்படிதான் எழுதப்பட்டிருக்கின்றன. வட்டத்தை ஒரே ஒரு தடவை அறுத்தால் போதும். யூஸ் என்ற மாறியில் கழித்தல் ஹார்ஃப்பஸ் என்று எழுதி, அதே வரியில் ஒன்ஷாட்டோடு ஃப்ரீடைப்பை நிறுவுங்கள். பிறகு வழக்கமான வேர்ல்டு அப்டேட்டை நியூயூஸோடு கொடுத்தால் ஹார்ஃப்பஸ் நிறுவப்படும், ஃப்ரீடைப் முழு வசதியோடு மறுபடி கம்பைல் ஆகும். இதைப் பேக்கேஜ்.யூஸில் எழுதாதீர்கள், தயவுசெய்து. ஒரு தடவைக்கான வேலையை அங்கே எழுதினால் அது நிரந்தர முடிவாகிவிடும்.

கேள்வி: புதிய பதிப்புகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ~ஏஎம்டி64 போட்டுவிடலாமா, இல்லை தேவையானதற்கு மட்டுமா?

பதில்: இரண்டும் சரி, நடுவில் நிற்பதுதான் சிரமம். அலைக்குறி போட்ட பதிப்பு என்றால் இன்னும் சோதனையில் இருப்பது, பொதுவாகக் குறைந்தது முப்பது நாள் பெரிய கோளாறு எதுவும் பதிவாகாமல் இருந்த பிறகுதான் நிலையானதாக அறிவிப்பார்கள். ஐந்தாறு நிரல்களுக்கு மட்டும் புதியது வேண்டும் என்றால் பேக்கேஜ்.அக்செப்ட்_கீவேர்ட்ஸில் அவற்றை எழுதுங்கள். ஆனால் அந்தப் பட்டியல் ஐம்பது, அறுபது என்று வளர்ந்து அதில் பாதி நூலகங்களாக இருந்தால், நீங்கள் யாருமே சோதித்துப் பார்க்காத ஒரு கலவையில் இருக்கிறீர்கள், அதைவிட முழுவதும் சோதனைக் கிளைக்குப் போய்விடுவது நல்லது. போவதற்கு முன் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள்: திரும்பி வருவது எளிதல்ல. எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் சி நூலகமான ஜிலிப்சியின் பதிப்பைக் கீழே இறக்கப் போர்டேஜ் அனுமதிக்காது, அதைத் தாண்டி இறக்கினால் அமைப்பே நின்றுவிடும். நிலையான கிளை உங்கள் பதிப்பை எட்டிப்பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆட்டோஅன்மாஸ்க் கீவேர்டு வரிகளைச் சமக்குறி போட்டுக் குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கு மட்டும் எழுதும். அந்தப் பதிப்பு களஞ்சியத்திலிருந்து போனதும் வரிக்கு வேலை இல்லை, அடுத்த பதிப்புக்கு மறுபடி கேட்கும். அந்த நிரலின் புதிய பதிப்பை எப்போதும் விரும்புகிறீர்கள் என்றால் பதிப்பு எண் இல்லாமல் வெறும் பெயரை எழுதுங்கள்.

கேள்வி: எட்டு ஜிபி ரேம். பெரிய உலாவியைக் கம்பைல் செய்யும்போது கணினி உறைந்துவிடுகிறது. நான் ஜென்டூவை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டியதில்லை. மேக்ஆப்ட்ஸில் எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்று எழுதுகிறோம் இல்லையா, ஒரு வேலைக்கு இரண்டு ஜிபி ரேம் என்பது கையேடு சொல்லும் கணக்கு. எட்டு ஜிபி என்றால் நான்கு, டெஸ்க்டாப்பும் ஓடிக்கொண்டிருந்தால் மூன்று. செயலியில் பதினாறு கோர் இருப்பதால் பதினாறு என்று எழுதினால் ரேம் தீர்ந்துபோகும். சின்னப் பேக்கேஜ்களுக்கு அதிகம், பெரியவற்றுக்குக் குறைவு என்று வைக்கவும் வழி இருக்கிறது. கட்டமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி போர்டேஜுக்குள் என்வ் என்ற அடைவில் ஒரு சின்னக் கோப்பு எழுதி அதில் மேக்ஆப்ட்ஸை இரண்டாகக் குறையுங்கள், அப்புறம் பேக்கேஜ்.என்வ் கோப்பில் அந்த உலாவியின் பெயரையும் இந்தக் கோப்பின் பெயரையும் ஒரே வரியில் எழுதுங்கள். கம்பைல் நடக்கும் தற்காலிக இடத்தை ரேமில் வைத்திருந்தால், இதே முறையில் அந்த உலாவிக்கு மட்டும் அதை வட்டுக்கு மாற்றிவிடுங்கள். உறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எல்லாவற்றையும் கம்பைல் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ், ரஸ்ட் எல்லாம் பெயரின் கடைசியில் 'பின்' சேர்த்துத் தயார் நிலையில் கிடைக்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் ஜென்டூ தானே அதிகாரபூர்வமாக ஏஎம்டி64, ஏஆர்எம்64 இரண்டுக்கும் ஏராளமான பேக்கேஜ்களைத் தொகுத்தே தர ஆரம்பித்தது. மேக்.கான்ஃபின் ஃபீச்சர்ஸ் வரியில் கெட்பின்பேக்கேஜ் சேர்த்தால் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, கிடைக்காததை மட்டும் கம்பைல் செய்யும். ஆனால் உங்கள் யூஸ் ஃபிளாக்குகள் அவர்கள் தொகுத்ததோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பேக்கேஜைப் போர்டேஜ் ஒதுக்கிவிட்டுக் கம்பைல் செய்யப் போய்விடும். நீங்கள் புரொஃபைலிலிருந்து எவ்வளவு குறைவாக விலகுகிறீர்களோ அவ்வளவு நேரம் மிச்சம். முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாகப் பதில் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கம்பைலருக்கு -ஓ3 என்ற விருப்பம் போட்டால் அமைப்பு வேகமாகும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: மொத்த அமைப்புக்கும் வேண்டாம். -ஓ2, கூட உங்கள் செயலிக்கேற்பக் கம்பைல் செய்யச் சொல்லும் 'மார்ச் நேட்டிவ்', போதும். ஃபாஸ்ட்-மேத் மாதிரி கணக்கின் விடையையே மாற்றக்கூடியவற்றை மேக்.கான்ஃபில் எழுதவே கூடாது. வேகத்துக்காக ஜென்டூவுக்கு வருகிறவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். ஒரு பேக்கேஜுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நாமே முடிவுசெய்ய முடிகிறதே, அதற்காக வந்தவர்கள் தங்குகிறார்கள். உதாரணமாக, ஒரு நிரலின் மூலநிரலில் உங்களுக்குச் சின்னத் திருத்தம் வேண்டும் என்றால் எட்சி போர்டேஜுக்குள் பேட்சஸ் என்ற அடைவில் அந்தப் பேக்கேஜின் வகை, பெயர்படி ஓர் அடைவு செய்து திருத்தக் கோப்பைப் போட்டால் போதும். ஈபில்டைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு அப்டேட்டிலும் அது தானாகச் சேர்ந்துவிடும்.

கேள்வி: வேறு வேலைகளால் என் பழைய கணினியை இரண்டு வருடத்துக்கும் மேலாக அப்டேட் செய்யவில்லை. இப்போது களஞ்சியத்தை சிங்க் செய்து புதுப்பித்தேன், எதுவுமே நகரவில்லை. மறுபடி நிறுவுவதுதான் வழியா?

பதில்: மறுபடி நிறுவுவது விரைவாக முடியலாம், ஆனால் அந்தக் கணினியைக் காப்பாற்றவும் முடியும். எதையும் தொடுவதற்கு முன் எட்சி போர்டேஜ் அடைவையும் வேர்ல்டு கோப்பையும் வேறு வட்டில் நகலெடுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் எந்தக் கணினியிலும் உங்கள் அமைப்பை அப்படியே மீண்டும் கட்டிவிடலாம். (நன்றாக ஓடும் கணினியிலும் எட்சி போர்டேஜை 'கிட்' என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்து, மாற்றம் செய்யும்போதெல்லாம் கமிட் செய்யும் பழக்கம் இருந்தால், எந்த வரி எப்போது ஏன் வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை.)

அடுத்து, ஜென்டூவின் அறிவிப்புகளைக் காட்டும் ஈசெலக்ட் நியூஸ். இரண்டு வருடச் செய்திகளையும் பழையதிலிருந்து வரிசையாகப் படியுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் படியுங்கள், உங்களைத் தடுக்கும் விஷயம் பெரும்பாலும் அதில் பெயர் சொல்லியே எழுதப்பட்டிருக்கும். அப்புறம் போர்டேஜை மட்டும் ஒன்ஷாட்டோடு புதுப்பிக்கப் பாருங்கள். பழைய போர்டேஜால் புதிய ஈபில்டுகளைப் புரிந்துகொள்ள முடியாமல் போகலாம், அதனால் இது முதலில். பைத்தான் சம்பந்தமாக நின்றால் பழைய டார்கெட்டையும் புதியதையும் தற்காலிகமாகச் சேர்த்தே இயக்கி நகர வேண்டியிருக்கும்.

புரொஃபைல் 17 வரிசையில் இருந்தால் 23.0-க்கு மாற வேண்டும், இது 2024 மார்ச்சில் வந்தது. இருக்கும் புரொஃபைலிலேயே முடிந்த அளவு அப்டேட்டை முடித்துவிட்டு, அப்புறம் மாறுங்கள். பெயரில் ஸ்பிளிட்-யூஎஸ்ஆர் என்று இருப்பதும் இல்லாததும் வேறு வேறு, உங்கள் கணினியில் நிரல்கள் இருக்கும் 'பின்' அடைவு யூஎஸ்ஆருக்குள் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாறிய பிறகு பின்யூட்டில்ஸ், ஜிசிசி, ஜிலிப்சி மூன்றையும் புரொஃபைல் மாற்றம் பற்றிய நியூஸ் செய்தியில் சொன்ன வரிசையில் ஒன்ஷாட்டோடு கம்பைல் செய்து, கடைசியில் எம்ப்டிட்ரீ கொடுத்து வேர்ல்டு முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். நடுவில் ஒரு பேக்கேஜ் தோற்றால் ரெஸ்யூம் கொடுத்துத் தொடரலாம். கீப்-கோயிங் சேர்த்திருந்தால் தோற்றதையும் அதை நம்பி இருப்பவற்றையும் விட்டுவிட்டு மற்றதை முடித்துக்கொண்டே போகும். முடிந்ததும், பழைய நூலகங்களை இன்னும் பிடித்திருப்பவற்றை மறுபடி கட்டும் ப்ரிசர்வ்டு-ரீபில்டு ஒருமுறை, அப்புறம் டெப்கிளீன், அதுவும் பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகு.

கணினியை மூன்று நான்கு நாள் இப்படி ஓட விட முடியாது என்றால் நிறுவலைத் தொடங்க ஜென்டூ தரும் அடிப்படை அமைப்பான புதிய ஸ்டேஜ் 3 கோப்பை வட்டின் வேறு பிரிவில் விரித்து, நகலெடுத்து வைத்த வேர்ல்டு கோப்பை அதில் போட்டு, எட்சி போர்டேஜிலிருந்து மேக்.கான்ஃபையும் காரணம் தெரிந்த வரிகளையும் மட்டும் கொண்டுபோய், கெட்பின்பேக்கேஜோடு வேர்ல்டு அப்டேட் கொடுங்கள். பழையது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், புதியது தயாரானதும் மாறிக்கொள்ளலாம்.